காலியான வளைவில் பிரேக்

1. கையெழுத்துப் போடாத ரிசல்ட்

ராலி ஆபீசாக எடுத்திருந்த கல்யாண மண்டபத்துக்கு வெளியே கொட்டுக்காரர்கள் வந்தாயிற்று. மாலை வந்தாயிற்று. வெடிச்சரத்தை ரோட்டில் விரித்தே போட்டுவிட்டார்கள். உள்ளே நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒரே வீடியோவை நிறுத்திப் பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் கையெழுத்துப் போட்டால்தான் ரிசல்ட். போடவில்லை.

ஸ்டீவர்டு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சார், அவ்வளவு பெரிய டீமை எப்படிப் பயப்படாமப் போட்டியிலருந்து தூக்குனீங்க?" பயப்படாமல் எவன் தூக்கினான்? போடியில் பிறந்து, போடியில் ஜீப்பு மெக்கானிக்காக இருந்து, ராலி டீமில் ஸ்பேனர் பிடித்து, வண்டிப் பரிசோதகராகி, கடைசியில் ஸ்டீவர்டு ஆனவன் நான். ஸ்டீவர்டு என்றால் போட்டிக்கு நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று என் முன்னால் இருந்தது என் சொந்த ஊர் டீம்.

அந்த டீமுக்கு வேறு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் போடி டீம் என்றே சொல்வார்கள். அதில் இரண்டு கார். ஒன்றை ஓட்டியவள் ராசிங்காபுரத்து வித்யா. இன்னொன்றை ஓட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி கதிர். விவசாயக் குடும்பம். டிராக்டரில் ஆரம்பித்து இந்த இடத்துக்கு வந்த பிள்ளைகள். வித்யாவின் முதல் காரைப் பரிசோதித்தவனே நான்தான். அன்றைய ராலியில் அவள் முதலாவது, தம்பி இரண்டாவது. அந்த முதலிடம் நின்றால் அந்த வருடச் சாம்பியன் அவள்தான், அடுத்த சீசன் வெளிநாட்டு டீம் ஒன்றில் சீட்டும் உறுதி. அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதில் என்ன ஒளிவு மறைவு?

2. அடைத்த ரோடு

ராலி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதில் கார்கள் சேர்ந்து ஓடுவதில்லை. அடைத்த மலைரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விடுவோம். யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறாரோ அவர் முன்னணி. டிரைவருக்குப் பக்கத்தில் கோ-டிரைவர் உட்கார்ந்து, வரப்போகும் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வார். அவர் கையில் இருப்பது பேஸ் நோட். அதைத் தயார் செய்ய எல்லா டீமுக்கும் ஒரு நாள் கொடுப்போம். அதற்கு ரெக்கி என்று பெயர். மெதுவாக ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ரெக்கி முடிந்த நிமிஷத்திலிருந்து அந்த ரோட்டில் டீம் ஆட்கள் யாரும் கால் வைக்கக்கூடாது. வண்டியில் போனாலும் சரி, நடந்து போனாலும் சரி, அது வேவு. ஒரு தடவை கூடுதலாகப் பார்த்தவனுக்கு அந்த ரோடு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அந்த வருடம் ஸ்டேஜ், அதாவது நேரம் பார்த்து ஓட்டும் பகுதி, வைத்தது போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களுக்குள் போகும் எஸ்டேட் ரோட்டில். எஸ்டேட்காரர்கள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்கள். போட்டி நடக்கும் காலை தவிர மற்ற நேரம் வேலையாட்கள் போகும் ஜீப்பை நிறுத்தக்கூடாது. நியாயம்தானே. கீழேயிருந்து பொம்பளையாட்கள் விடிந்ததும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி வந்தால்தான் அங்கே சோலி நடக்கும்.

ரெக்கி முடிந்த மறுநாள், அதாவது போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், ரோட்டுப் பொறுப்பாளரோடு நானும் மேலே போனேன். என் வேலை இல்லை அது. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, போனேன். ஸ்டேஜின் நடுவில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வேகமான வளைவு. உள்பக்கம் மண்மேடு, வெளிப்பக்கம் சரிவு. சரிவில் கீழே முழுக்க ஏலச்செடி. அந்த உள்பக்க ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கொப்புகள் குவிந்து கிடந்தன. அன்று காலையில்தான் நிழல் மரங்களைக் கழித்திருக்கிறார்கள். ஜீப்பு நின்று ஏற்ற வசதியான இடம் என்று எல்லாவற்றையும் இழுத்து வந்து அங்கே போட்டிருந்தார்கள். பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே நின்ற தோட்டத்து அம்மா ஒருவரிடம் கத்தினேன். "ஏத்தா, காலைல இங்க காரு பறந்து வரும். இது இப்பிடிக் கெடந்தா என்னத்துக்கு ஆகும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "கெடக்க விட்டாத்தானண்ணே? வெறகு என்னைக்கு ராத்தங்கிருக்கு? நாங்க விட்டாலும் லயத்துக்காரி விடுவாளா? இந்தா, ஜீப்பு வந்துருச்சு பாருங்க."

ஜீப்பு வந்தது. கூரை மேல் கொப்பை ஏற்றி வடத்தால் கட்டினார்கள். மிச்சத்தை லயத்திலிருந்து, அதாவது தோட்ட வேலையாட்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள் தலைச்சுமையாகக் கொண்டு போனார்கள். நாங்கள் இறங்கும்போது அந்த இடத்தில் சருகைத் தவிர எதுவும் இல்லை. எதுவும் இல்லாததைப் பற்றி டீம்களுக்கு என்ன அறிவிப்புக் கொடுப்பது? கொடுக்கவில்லை.

3. வீடியோவில் ஒரு வளைவு

போட்டி முடிந்ததும் எதிர் டீம் மேனேஜர் வந்து குதித்தார். "வித்யா வண்டிக்கு அந்த ரோடு அத்துப்படி சார். பனியில நாங்க தடவிக்கிட்டுப் போற எடத்துல அவங்க பறக்குறாங்க. ஏதோ நடந்திருக்கு." தோற்றவன் இப்படிப் பேசுவது வழக்கம்தான். சலித்துக்கொண்டேதான் வீடியோவை வாங்கினேன். ஒவ்வொரு காரிலும் கேமரா உண்டு. படமும் பதிவாகும், கோ-டிரைவர் பேசுவதும் பதிவாகும்.

என்னோடு பார்த்தவர் இன்னொரு ஸ்டீவர்டு ஜார்ஜ். தொடுபுழைக்காரர், என்னைவிட நிதானம். மூன்றாவது ஸ்டீவர்டு ஒரு பெங்களூர்க்காரர், கேட்டால் மட்டும்தான் பேசுவார்.

முதலில் கதிரின் வண்டியைப் போட்டோம். அன்றைய வரிசைப்படி அவன்தான் முதல் கார். அந்த வளைவு வந்தது. அவனுடைய கோ-டிரைவர், "லெஃப்ட் ஃபைவ், கட்" என்றார். லெஃப்ட் ஃபைவ் என்றால் வேகமாக எடுக்கக்கூடிய இடது வளைவு, கட் என்றால் உள்பக்க ஓரத்தை ஒட்டி அறுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். கதிர் ஆக்சிலேட்டரை விடவே இல்லை. முந்தின நாள் கொப்பு கிடந்த இடத்தின் மேல் இடது சக்கரம் ஏறிப் போனது.

அடுத்து வித்யாவின் வண்டி. அதே வளைவு. அவள் கோ-டிரைவர் ரகுராம் சொன்னார்: "லெஃப்ட் ஃபைவ், கேர், உள்ள குவியல், வெளிய போ, வெளிய போ."

கேர் என்றால் கவனம். வித்யா பிரேக் பிடித்தாள். கார் வெளிப்பக்கம் ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு போனது. ரோடு சுத்தமாக இருந்தது.

"எந்தா இது?" என்றார் ஜார்ஜ். "எதுக்கு ப்ரேக்கு? அவிட ஒண்ணும் இல்லல்லோ!"

இன்னொரு தடவை ஓட்டினேன். அந்தக் குவியல் ரெக்கி நாளில் கிடையாது. போட்டி அன்றும் கிடையாது. நடுவில் ஒரே ஒரு நாள் கிடந்தது. அந்த நாளில் ரோடு டீம்காரர்களுக்கு அடைப்பு. அடப்பாவிகளா, கடைசியில் நம்ம ஊர்க்காரனா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

4. விசாரணை

மணப்பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறையில்தான் விசாரணை. பெரிய கண்ணாடி ஒன்று சுவரில். எதிரே வித்யா, ரகுராம், டீம் மேனேஜர் செல்வராஜ். செல்வராஜ் போடிக்காரர், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர்.

"என்னண்ணே, வெரசா முடிச்சு விடுங்க. வெளிய கொட்டுக்காரன் காத்துக் கெடக்கான்" என்றார் உட்காரும்போதே.

நான் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு ரகுராமைக் கேட்டேன். "குவியல்னீங்களே, என்ன குவியல்?"

ரகுராம் கோயம்புத்தூர்க்காரர். நல்ல கோ-டிரைவர், அதில் சந்தேகமே இல்லை. "அது சும்மா சேஃப்டிக்கு எழுதுனதுங்க சார். எஸ்டேட் ரோடுன்னா ஏதாச்சும் கெடக்குமில்லீங்களா?"

"ஒரே ஒரு வளைவுல மாத்திரம் கெடக்குமோ?" என்றார் ஜார்ஜ்.

வித்யா குறுக்கிட்டாள். "சார், அவரு சொன்னாரு, நான் புடிச்சேன். ஓட்டும்போது ஏன்னு கேக்க முடியுமா? முடிச்சப்புறம் கேட்டேன். பனியா இருக்கும்னு பயந்து சேத்தேன்னாரு. அதுக்குப் போயி என்ன விசாரணை?" அவள் முகத்தில் பயமே இல்லை. எரிச்சல்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"நேத்து அந்த எடத்துல கொப்பு குவிஞ்சு கெடந்துச்சு" என்றேன். "நானே பாத்தேன். சாயங்காலம் என் கண்ணு முன்னாலயே அள்ளிட்டாங்க. நேத்து பகல்ல அந்த ரோட்டுல போனவனுக்கு மட்டுந்தான் அது தெரியும்."

ரகுராம் செல்வராஜைப் பார்த்தார். செல்வராஜ் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சரிண்ணே. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? போனாரு. தலையில துண்டக் கட்டிக்கிட்டு வேலையாளுக ஜீப்புல ஏறி, மத்தியானம் எறங்கி வந்தாரு. ஏற்பாடு பண்ணது நாந்தான். ஊருலகத்துல எவன்ணே செய்யல? அப்பிடி என்னத்த அள்ளிட்டோம்? அந்த வளைவுல பிரேக் புடிச்சு நேரத்தத்தானே விட்டோம்? ஏதாச்சும் கொஞ்சம் டயம் பெனால்ட்டி போட்டுட்டுப் போங்க."

ஜார்ஜ் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது தப்பாகப் படவில்லை. வித்யா அடுத்தவர்களைவிட அவ்வளவு முன்னால் இருந்தாள். சின்னதாக ஒரு டயம் பெனால்ட்டி போட்டு அவள் நேரத்தைக் கூட்டினாலும் அவள்தான் முதலாவது. வெளியே கொட்டு அடிக்கலாம். நான் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இனித்தது.

முடிப்பதற்கு முன்னால் ஒரு சந்தேகத்துக்காகத்தான் ரகுராமைக் கேட்டேன். "நேத்து கெடந்தது இன்னைக்கு இருக்கும்னு எப்பிடி எழுதுனீங்க?"

"மலைங்க சார். அவ்வளவு கொப்ப எவன் அள்ளப் போறான்? அங்கயேதான் கெடக்கும்னு நெனச்சேனுங்க."

எங்கள் பக்கத்து ஆள் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வெட்டிப்போட்ட விறகு மறுநாள் காலைவரை ரோட்டில் கிடக்கும் என்று ஏலத்தோட்டம் தெரிந்த ஒருத்தனும் எழுத மாட்டான். அதை நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். அப்போது வித்யா தலையைத் தூக்கினாள்.

"எனக்கு முன்னால தம்பில்ல போனான்" என்றாள்.

யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்றே முதலில் தெரியவில்லை. பிறகு ரகுராம் பக்கம் திரும்பினாள். "கெடக்கும்னு நெனச்சீங்க. எனக்கு எழுதிட்டீங்க. அவனுக்கு?"

ரகுராம் குனிந்துகொண்டார்.

செல்வராஜ் அவசரமாகச் சொன்னார். "ஏம்மா, முதல் காருக்கு முன்னால ஜீரோ கார் போகுமில்ல? ரோட்டப் பாத்துட்டுத்தானே விடுவாங்க? அவங்க சொல்லிருப்பாங்க."

ஜீரோ கார் என்பது போட்டி கார்களுக்கு முன்னால் ரோட்டைச் சோதிக்க நாங்கள் அனுப்பும் வண்டி. அவர் சொன்னது சரிதான், அதில் போகிறவர் பார்த்திருக்கலாம். எனக்குத்தான் ரத்தம் தலைக்கு ஏறியது. "ஜீரோ கார் பாத்துக்கும்னா வித்யா நோட்டுல எதுக்கய்யா எழுதுனீங்க? அவளுக்கு மட்டும் ஜீரோ கார நம்ப முடியல, அந்தப் பயலுக்கு நம்பலாமாக்கும்?"

"அண்ணே, அதுக்கில்ல. கதிரு வெவரமில்லாத பய. சொன்னா எல்லார்கிட்டயும் உளறிருவான். அதான்..."

செல்வராஜ் அதோடு நிறுத்திவிட்டார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

வித்யா அழவில்லை. கத்தவும் இல்லை. வீடியோவில் அந்த வளைவின் வெளிப்பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னைய எடுத்துருங்க சார்" என்றாள். "டயம் பெனால்ட்டியெல்லாம் வேணாம்."

5. கப்பு போடிக்கே வரட்டும்

அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மூன்று ஸ்டீவர்டுகளும் பேச உட்கார்ந்தோம். கதவைத் தட்டிக்கொண்டு செல்வராஜ் மட்டும் மறுபடி உள்ளே வந்தார். வரக்கூடாது. வந்தார்.

"அண்ணே, ஒரு வார்த்த. அந்தப் புள்ளையே சொல்லிருச்சு. வித்யாவ எடுத்துருங்க. ரெண்டாவது நம்ம கதிருதானே? அவன் ஒரு தப்பும் பண்ணல. அவனுக்குக் குடுத்துருங்க. கப்பு போடிக்கே வரட்டும். வெளிய இத்தனை சனம் நிக்குது, அவுங்க மொகத்துக்காகவாச்சும் செய்யுங்கண்ணே."

எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் அனுப்பியவர், இப்போது அவன் பெயரைச் சொல்லியே கப்பைக் கேட்கிறார். "வெளிய போய்யா முதல்ல" என்றேன். ஸ்டீவர்டு அப்படிப் பேசக்கூடாது. பேசிவிட்டேன்.

ஆனால் அவர் கேட்டதைத் தள்ளுவது சுலபமாக இல்லை. விதி இரண்டுக்குமே இடம் கொடுத்தது. அந்தக் காரை மட்டும் நீக்கலாம், மொத்த டீமையும் நீக்கலாம். ஜார்ஜ் கதிர் பக்கம் பேசினார். "பாவம், பையன் எந்து செய்து? சாவடிக்கப் பாத்ததும் அவனை, இப்ப தண்டனையும் அவனுக்கா?"

பெங்களூர்க்காரரைக் கேட்டோம். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "காரை மட்டும் நீக்கினால், வேவு பார்த்த டீம்தான் இன்றைக்கு ஜெயிக்கிறது."

அதுதான் விஷயம். ஒரு காரைப் பலி கொடுத்து இன்னொரு காரில் கப்பு வாங்கலாம் என்று தெரிந்தால், இரண்டு கார் வைத்திருக்கிற ஒவ்வொரு டீமும் அடுத்த ராலிக்கு ஒருவனை ஜீப்பில் ஏற்றிவிடும். புரிந்தது. புரிந்தும் பேனா நகரவில்லை. அந்தப் பையன் முகத்தைப் பார்க்காமல் இதை எழுத முடியாது என்று சொல்லி அவனைக் கூப்பிட்டேன்.

6. கதிர்

ரேஸ் சூட்டைப் பாதி கழற்றி இடுப்பில் கட்டியபடி வந்தான். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மட்டும் தெரிந்திருந்தது. நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். ரகுராம் போனது, கொப்பு கிடந்தது, வித்யாவுக்கு எழுதியது, அவனுக்குச் சொல்லாமல் விட்டது. பிறகு சொன்னேன், "உன் மேல ஒரு தப்பும் இல்ல கதிரு. ஆனா டீமத் தூக்குனா நீயும் சேந்து போயிருவ."

"என் வீடியோவப் போடுங்க சார்" என்றான்.

போட்டேன். "லெஃப்ட் ஃபைவ், கட்." சக்கரம் ஓரத்தில் ஏறிப் போனது. இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டேன். அவன் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஃப்ளாட்டாப் போயிருக்கேன்" என்றான். அதாவது, மிதித்த மிதி குறையாமல். "கெடந்திருந்தா இந்நேரம் என்னையத் தேடி ஏலச்செடிக்குள்ள எறங்கிருப்பீங்க."

பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க எழுதுங்க சார். எனக்கு இந்த டீமோட கப்பு வேணாம்."

அவன் அப்படிச் சொன்னதால்தான் எழுதினேன் என்று நினைக்காதீர்கள். அவன் வேண்டும் என்று அழுதிருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். இரண்டு கார்களும் நீக்கம். அடுத்த சீசன் முழுக்க டீமுக்குத் தடை. ரகுராம், செல்வராஜ் இருவர் மேலும் தனியாக நடவடிக்கை கேட்டு மேலிடத்துக்கு அனுப்பினோம்.

முடிவை மைக்கில் நானே படித்தேன். ஜார்ஜ் தான் படிப்பதாகச் சொன்னார், நான் விடவில்லை. கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கொந்தளித்துவிட்டது. "சொந்த ஊருக்காரனே கழுத்தறுத்துட்டான்டா!" "எவன்கிட்டயோ வாங்கிட்டான்!" ஒருத்தன் மாலையைப் பிய்த்து என் மேல் எறிந்தான். என் சொந்தக்காரர்களே இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வித்யாவும் கதிரும் அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் போக வேண்டியிருந்தது. கொட்டுக்காரர் ஒருவர் கதிர் தோளில் கை போட்டு, "விடு மாப்ளே, அந்தாளப் பெறகு பாத்துக்குவோம்" என்றார்.

கதிர் நின்றான். "அவர எதுக்குண்ணே பாக்கணும்? எங்க டீம்ல அத்தன பேரு இருந்தாக. முன்னால கொப்பு கெடக்குன்னு எனக்குச் சொல்ல அதுல ஒருத்தரும் இல்ல."

வித்யா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை.

வித்யாவுக்கு அந்த வெளிநாட்டு சீட் போனது போனதுதான். கதிர் இப்போது வேறு டீமில் ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வான், அதற்கு மேல் பேச மாட்டான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவனைக் குறை சொல்ல வாயில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வேவு பார்த்தவன் உங்கள் முன்னால் உட்கார்ந்ததும் லாபக் கணக்குத்தான் பேசுவான். எத்தனை செகண்டு கிடைத்தது, எத்தனை செகண்டு போனது என்று இழுப்பான். அந்தக் கணக்குக்குள் போனால் நீங்களும் என்னைப்போல் டயம் பெனால்ட்டி எழுதப் பேனாவை எடுப்பீர்கள். நான் இப்போதெல்லாம் அதைக் கேட்பதே இல்லை. தெரிந்துகொண்டதை யாரிடம் சொல்லாமல் விட்டாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். அதைக் கேட்டதும் ஆள் தலையைக் குனிந்துகொள்கிறான்.